கடவுச்சொல் சரிதான்

6 நவம்பர் 2025, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அறுத்த சாமை இன்னும் களத்தில் தார்ப்பாய்க்குக் கீழேதான் கிடக்கிறது. அப்பா அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், பிறகு திரும்பி என்னைப் பார்க்கிறார். இரண்டுமே அவருக்கு இன்னும் போய்ச் சேர வேண்டிய இடம் சேராத சரக்கு.

பெங்களூரிலிருந்து சுவேதா செய்தி அனுப்பியிருக்கிறாள். எனக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள் அவள்தான். யார் யாரோ பேசிய பேச்சைக் காதில் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து அனுப்புவது என் வேலை. கம்பெனியின் செயலி இனிமேல் பழைய இயங்குதளத்தில் ஓடாதாம். கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்துகொண்டு, கடைசித் தொகுப்பை அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். அத்தோடு என் சோதனைக் காலம் முடிகிறது. அனுப்பினால் வேலை நிரந்தரம். அனுப்பாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள்.

நிரந்தரம் ஆக வேண்டும். ஆகியே தீர வேண்டும். அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மார்கழி பொறக்கறதுக்குள்ள உன் சோத்த நீயே சம்பாரிச்சுக்குவேன்னு காட்டு. இல்லன்னா ஒடுகத்தூருக்குக் கெளம்பு."

ஒடுகத்தூரில் இருப்பவன் புருஷோத்தமன், எனக்குத் தாலி கட்டியவன். சித்திரையில் அவன் வீட்டை விட்டு வந்தேன். அடித்தானா என்று ஊரே கேட்டது. இல்லை என்றேன். குடிக்கிறானா? இல்லை. "அப்புறம் இன்னாடி?" என்றார்கள். தினமும் சாயங்காலம் என் போனை வாங்கி வைத்துக்கொண்டு யாரோடு பேசினாய், ஏன் பேசினாய், எதற்குச் சிரித்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பான் என்று சொன்னேன். "அக்கறையா இருக்கறான்" என்றார்கள்.

இந்த லேப்டாப்பின் கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கென்று ஒரு பூட்டு இருப்பது இது ஒன்றுக்குத்தான்.

7 நவம்பர், வெள்ளி

சக்திவேல் அண்ணன் ஜீப்பில் புதூர்நாடு போய் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தேன். வாராவாரம் அங்கிருந்துதான் வேலையை அனுப்புகிறேன். பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இது. பேட்டரி செத்து வருடக்கணக்காயிற்று, பிளக்கில் இருந்தால்தான் உயிர். கல்லூரியில் கூடப் படித்த கோகுல்ராஜ் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததால் இன்னும் ஓடுகிறது.

அப்கிரேடு இறங்க நாள் முழுக்க ஆனது. நடுவில் இடம் போதவில்லை என்றோ என்னவோ ஓர் எச்சரிக்கை வந்தது. வெளியே ஜீப் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது. சரி என்று அழுத்திவிட்டு மூடி எடுத்துக்கொண்டு ஓடினேன். மீதியை வீட்டில் முடித்துக்கொள்ளும்.

முடித்துக்கொள்ளும்தானே?

8 நவம்பர், சனி

உள்ளே விடமாட்டேன் என்கிறது.

காலையில் எல்லாம் முடிந்த மாதிரி புதுப் படத்தோடு பளபளவென்று வந்தது. என் பெயர் இருக்கிறது, கடவுச்சொல் கேட்கும் கட்டம் இருக்கிறது. போட்டேன். திரை கறுத்தது. ஒரு மூச்சு நேரம். பிறகு மறுபடி அதே பெயர், அதே கட்டம். விரல் தப்பியிருக்கும் என்று நினைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் போட்டேன். மறுபடி கறுப்பு, மறுபடி கட்டம்.

வேண்டுமென்றே தப்பாகப் போட்டுப் பார்த்தேன். உடனே "தவறான கடவுச்சொல்" என்று திட்டியது. அப்படியென்றால் நான் போட்டது சரிதான், அதற்கும் அது சரியென்று தெரிகிறது. தெரிந்துகொண்டே வாசல்வரை கூட்டிப் போய் வெளியே தள்ளுகிறது. தப்புக்கு ஒரு வசவாவது கிடைக்கிறது. சரிக்கு அதுகூட இல்லை.

தொகுப்பு முழுவதும் உள்ளே. தட்டச்சு செய்து முடித்ததெல்லாம் உள்ளே.

புதூர்நாட்டுக்கே எடுத்துப் போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ராத்திரி மழையில் வளைவில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கிடக்கிறது. சக்திவேல் அண்ணன் ஜீப்பை வீட்டெதிரில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

9 நவம்பர், ஞாயிறு

அணைத்துப் போட்டேன். அணைத்துப் போட்டேன். சாமி கும்பிட்டு அணைத்துப் போட்டேன்.

10 நவம்பர், திங்கள்

கோகுல்ராஜ் கிடைத்தான். ஓசூரில் வேலை பார்க்கிறான், சாப்பாட்டு இடைவேளையில்தான் பேச முடியும்.

கொடுமை என்னவென்றால், போனுக்கு சிக்னல் கிடைப்பது மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். லேப்டாப்புக்கு பிளக் இருப்பது வீட்டில். அவன் சொல்வதை மேட்டில் நின்று கேட்டு, முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, கீழே ஓடி, அடித்துப் பார்த்து, வந்ததை மறுகையில் எழுதிக்கொண்டு மேலே ஓட வேண்டும். முதல் தடவை மேட்டில் எழுதியது வீட்டுக்கு வருவதற்குள் மழையில் கரைந்துவிட்டது. அப்புறம் குடை பிடித்தது எனக்கல்ல, கைக்கு.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னான். படமெல்லாம் போய் வெறும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. போட்டேன். விட்டுவிட்டது!

உள்ளே போய்விட்டேன். ஆனால் அங்கே ஒன்றும் இல்லை, ஒரு கர்சர் மட்டும் கண் சிமிட்டுகிறது. இருட்டில் சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. கோகுல் சொன்ன கட்டளையை அடித்ததும் என் கோப்புகளின் பெயர்கள் வந்தன. தொகுப்பின் பெயரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். கம்பெனியின் செயலி இந்தக் கறுப்புத் திரையில் ஓடாது, படத்திரை வந்தாக வேண்டும். பரவாயில்லை, இருக்கிறது, அழியவில்லை.

இன்னொரு கட்டளையையும் அடித்து, வந்ததை எழுதிக்கொண்டு மேலே ஓடிப் படித்துக் காட்டினேன். கோகுல் சிரித்தான்.

"இளவரசி, டிஸ்க் முழுக்க ரொம்பிப் போச்சு. உள்ள நுழையச்சொல்லோ அது சின்னதா ஒரு குறிப்பு எழுதி வெச்சுக்கும். எழுத எடமே இல்லன்னா இன்னா பண்ணும்? உன்ன வெளிய தள்ளிடும். எதனா பெருசா அழி, தானா வுட்டுடும்."

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றான். ஓடியாடியதில் கால் இப்போது விண்விண்ணென்று தெறிக்கிறது.

11 நவம்பர், செவ்வாய்

அவ்வளவுதான் இல்லை.

அப்கிரேடு இறக்கி வைத்த மிச்சங்களைத் துடைத்தேன். கிடைத்த இடத்தை முடியாமல் நின்ற அப்கிரேடே எடுத்து முழுங்கிவிட்டது. பழைய நிலைதான்.

எது எவ்வளவு பெரியது என்று வரிசை போட்டுக் காட்டச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்கள் போன் நிரம்பினால் அழிக்கமாட்டார்கள், என்னிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். "எளவரசி, இத கம்பீட்டர்ல போட்டு வெய்யி." மாரியம்மன் திருவிழா, காதுகுத்து, கன்று போட்ட பசு, பலாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் நின்ற ஆடு என்று எல்லாம் இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பாவம், முகம் சுளிக்காமல் அழிக்கச் சொன்னார்கள். ஆட்டை மட்டும் ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் ஊர் மொத்தமும் சேர்ந்தாலும் முதல் வரியில் இருப்பதில் கால் பங்குகூட வராது.

முதல் வரியில் இருப்பது என் கல்யாணம். வீடியோக்காரர் வெட்டாமல் ஒட்டாமல் எடுத்தது எடுத்தபடியே கொடுத்தது. மீதி இடத்தையெல்லாம் அதுதான் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நேற்றே அந்தப் பெயரைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி அடுத்த வரிக்குப் போய்விட்டேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

அதை அழித்தால் வேலை பிழைக்கும். எனக்கென்ன, இப்போதே அழிப்பேன். அம்மா?

வெள்ளி வந்துகொண்டே இருக்கிறது.

12 நவம்பர், புதன்

அம்மாவிடம் கேட்டேன். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை நிறுத்தவில்லை.

"கல்யாணத்த அழிக்கறதா? இன்னா பேச்சு பேசற நீ? நாளைக்கு நீ அங்க போய் வாழப் போறவ. புள்ள குட்டி பொறந்தா காட்ட வாணாமா?"

"நான் போகப் போறதில்லம்மா."

"வேல போச்சுன்னா உங்கப்பா அனுப்பிடுவாரு. அப்ப இது மட்டும் அழிஞ்சு கெடந்தா அவங்க இன்னா நெனைப்பாங்க?"

அம்மாவின் கணக்கில் எல்லாம் பொருந்துகிறது. அமாவாசைக்கு அமாவாசை காட்டு வேலை இல்லாத நாளில் அக்கம்பக்கத்தைக் கூட்டி உட்காரவைத்து அந்த வீடியோவைப் போடச் சொல்வாள். அதில் நான் சிரிக்கிற இடம் வந்தால், "பாத்தியா, சந்தோசமாத்தான இருந்தா" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா மட்டும் என்றால் சண்டை போட்டிருப்பேன். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா சின்னம்மாவும் இருக்கிறாள். அவள் புருஷன் வேடியப்பன் சித்தப்பா போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அவர் நடமாடுகிற படம் உலகத்திலேயே என் கல்யாண வீடியோவில்தான் இருக்கிறது. மேளக்காரர்களுக்கு நடுவில் புகுந்து கொஞ்ச நேரம் ஆடுவார். அதைப் பார்க்கத்தான் சின்னம்மா வருவாள், பார்த்ததும் எழுந்து போய்விடுவாள். அதை எப்படி அழிப்பது? அழித்துவிட்டு நாளைக்கு அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

மேட்டுக்குப் போய் கோகுலிடம் சொன்னேன். அந்தத் துண்டை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை அழி என்றான். சொல்வது சுலபம். கறுப்புத் திரையில் படம் ஓடாது. கேமரா வைத்த பெயர்தான் இருக்கிறது, எல்லாம் வெறும் எண். எந்த எண்ணில் சித்தப்பா ஆடுகிறார்?

இறங்கும்போது சுவேதாவின் செய்தி வந்தது. "எல்லாம் சரியா போயிட்டிருக்கா?" போயிட்டிருக்கு என்று பதில் போட்டேன். முடியலடா சாமி.

13 நவம்பர், வியாழன்

முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

ஊரில் பென் டிரைவ் இருப்பது சக்திவேல் அண்ணனிடம் மட்டும்தான், ஜீப்பில் பாட்டுக்காக. கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஜீப்பும் ஓடல, பாட்டும் இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?" அப்புறம் கொடுத்தார். பாதி பாட்டை அழித்துக்கொள்ளச் சொன்னார், எந்தப் பாதி என்பதில் மட்டும் ரொம்ப நேரம் யோசித்தார். அதில் ஒரு பெரிய கோப்பு கொள்ளும், ஒன்றே ஒன்று.

சின்னம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வாள், அழுவாள் என்று பயந்திருந்தேன். அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"பேருக்குப் பக்கத்துல அது இன்னா?"

"எடுத்த மணி, சின்னம்மா. ஒவ்வொண்ணும் எப்ப எடுத்ததுன்னு."

"அப்ப கேளு, நான் சொல்றேன். அன்னிக்குப் பூரா நான் பந்தல்லதான கெடந்தேன்."

ஒவ்வொரு மணியாகப் படித்தேன். விடிகாலை என்றதும் நலங்கு என்றாள். அடுத்தது கங்கணம் கட்டியது. அதற்கடுத்தது, மாப்பிள்ளைக்கு வேட்டி சரியாகக் கட்டத் தெரியாமல் தாய்மாமன் உள்ளே கூட்டிப் போனது. ஏழரைக்குத் தாலி. அப்புறம் மொய், பந்தி. அடுப்படியில் இருந்த அம்மா காதைத் தீட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். "இல்ல வெள்ளையம்மா, மொதல்ல பந்தி, அப்புறந்தான் மொய்யி" என்று கரண்டியோடு வந்து நின்றாள். பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு பேரும் அந்த நாளை நெல் அவித்துக் காயப்போடுகிற மாதிரி என் முன்னால் பரப்பினார்கள்.

மத்தியானத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. ஒரு கோப்பு முடிந்து அடுத்தது வர இடைவெளி. சின்னம்மா தொடையில் தட்டினாள்.

"அதான்! படம் புடிக்கறவன் அப்பதான் சாப்புட உக்காந்தான். எல போட்டு சோறும் வெச்சாச்சு. இந்த மனுசன் நேரம் பாத்து ஆட எறங்குனாரு. அவன் சோத்துல கைய வெச்சது வெச்சபடி ஓடியாந்து எடுத்தான். நான் திட்டுனேன், புள்ளைய திங்க வுட மாட்டியான்னு. அந்த எடவெளிக்கு அடுத்தது எதுவோ, அதுதான் அவரு."

இடைவெளிக்கு அடுத்த கோப்பு சின்னதாகத்தான் இருந்தது. அதைப் பென் டிரைவில் ஏற்றினேன். சரியாக இருக்குமா? திறந்து பார்க்க வழியில்லை. சின்னம்மாவைப் பார்த்தேன். "அதுதான்டி, ஏத்து" என்றாள்.

மீதி இருந்தது. கடைசிக் கோப்பின் மணியைப் படித்தேன், பொழுது சாய்கிற நேரம். சின்னம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மாதான் பேசினாள். என்னைப் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அது உன்ன ஜீப்புல ஏத்துனது. எப்ப வீடியோ போட்டாலும் அதுக்கு முன்னாலயே நிறுத்தச் சொல்லிடுவேன். கவனிச்சிருக்கறியா நீ?"

கவனித்ததில்லை. உண்மையிலேயே கவனித்ததில்லை.

"ஏறச்சொல்லோ என் கையப் புடிச்சுக்கினு வரலம்மான்னு சொன்ன. எல்லாப் பொண்ணும் சொல்றதுதானன்னு உன் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு வுட்டேன். அதுல இருக்கும், பாத்தா தெரியும். எனக்குத்தான் பாக்க தெம்பில்ல."

சின்னம்மா அம்மாவின் முதுகில் கை வைத்தாள்.

"அழிச்சுடு" என்றாள் அம்மா. "எல்லாத்தையும்தான். அது இருக்கற வரைக்கும் நான் போட்டுப் போட்டுப் பாத்துக்கினுதான் இருப்பேன்."

கட்டளையை அடித்தேன். அழித்ததற்கு ஒரு சத்தமும் இல்லை. கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி நின்றது. அடுத்து கோகுல் சொல்லியிருந்தபடி பாதியில் நின்ற அப்கிரேடை முடிக்கச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை அணைத்துப் போட்டேன்.

பெயர். கட்டம். கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன். திரை கறுத்தது. அம்மா என் தோளை இறுக்கினாள். கறுப்பு கொஞ்சம் நீண்டது, அதற்கு முன்பெல்லாம் இவ்வளவு நேரம் இல்லையே என்று நினைப்பதற்குள் படம் வந்துவிட்டது. உள்ளே இருக்கிறேன். தொகுப்பு இருக்கிறது, செயலி இருக்கிறது, அந்த ஆடுகூட இன்னும் மரத்தின் மேலேயே இருக்கிறது.

பென் டிரைவைத் திறந்தேன். வேடியப்பன் சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினார். சின்னம்மா இந்தத் தடவை எழுந்து போகவில்லை, முடியும்வரை பார்த்தாள்.

14 நவம்பர், வெள்ளி

ரோடு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. மண் சரிந்த இடம்வரை சக்திவேல் அண்ணன் ஜீப்பில், பாட்டில்லாமல். அப்புறம் லேப்டாப்பை உரச்சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்து, அந்தப் பக்கம் ஒரு பால் வண்டியைப் பிடித்து ஜெராக்ஸ் கடை. அனுப்பிவிட்டேன். "கிடைத்தது" என்று வந்தது. கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு முதலில் கழுவிக்கொண்டு வா என்றார்.

17 நவம்பர், திங்கள்

சுவேதாவிடமிருந்து ஒன்றும் இல்லை. மேட்டுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

18 நவம்பர், செவ்வாய்

இல்லை. தொகுப்பில் தப்பு கண்டுபிடித்திருப்பார்களோ? எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் பேசியதில் "இன்னா" என்று வந்ததை நான் அப்படியே அடித்தேன். திருத்தியிருக்க வேண்டுமோ?

21 நவம்பர், வெள்ளி

நிரந்தரம்! "இன்னா" என்று அடித்ததற்குத் தனியாகப் பாராட்டு வேறு. மேட்டிலிருந்து கத்தினேன், கீழே களத்தில் அப்பா நிமிர்ந்து பார்த்தார். வந்து சொன்னதும், "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாசாமாசம் வருமா?" என்றார். வரும் என்றேன். "சரி" என்றார் மறுபடி. இதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க நான் முட்டாள் இல்லை.

27 நவம்பர், வியாழன்

இன்று புருஷோத்தமன் வந்தான். அவன் அக்காவும் கூட.

புது வேலை வந்திருந்தது, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஜீப் சத்தம் கேட்டது, அவன் குரல் கேட்டது. ஒரு காதில் மட்டும் அதை எடுத்துவிட்டேன். எழுந்து போக வேண்டுமா, போனால் என்ன சொல்வது, அப்பா வேறு காட்டில் இருக்கிறாரே என்று எல்லாம் ஒன்றாக ஓடியது.

அம்மா வாசல்படியில் முறத்தோடு உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் யாரும் உள்ளே வர முடியும்.

"வாங்க, வாங்க. வெளிய கட்டில்ல உக்காருங்க."

"உக்கார வரலிங்க. அவள கூட்டினு போலாம்னு வந்தோம். கூப்புடுங்க" என்றான்.

"அவ வேலையா இருக்கறாளே."

"கம்பீட்டர் வேலதான? ஒரு நிமிசம் எழுந்து வரச் சொல்லுங்க. இல்லன்னா நான் உள்ள போய்ப் பேசிக்கறேன்."

முறத்தின் சத்தம் நிற்கவில்லை. அம்மா நகரவும் இல்லை. என் விரல்கள் விசைகள்மேல் அப்படியே நின்றிருந்தன.

"அவ வேல செய்யச்சொல்லோ நாங்களே கூப்புட மாட்டோங்க. முடிஞ்சா அவளா வருவா. உங்களாட்டம் பெரியவங்க வந்தாலும் அதான் இந்த வூட்டுல."

அவன் அக்கா ஏதோ சொன்னாள். அவன் ஏதோ சொன்னான். அம்மா டீ வேண்டுமா என்று கேட்டாள், அதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். சக்திவேல் அண்ணன், இதுதான் கீழே போகிற கடைசி வண்டி என்று சொல்லி ஆரன் அடித்தார். இன்னும் கொஞ்சம் பேச்சு. பிறகு ஜீப் கிளம்பியது.

நான் வெளியே போகவில்லை. போயிருக்க வேண்டுமோ? நானே நேரில் சொல்ல வேண்டியதுதான், ஒருநாள் சொல்வேன். இன்று இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். நிறையத் தப்பு வந்தது, திரும்பத் திருத்தினேன்.

சாயங்காலம் அப்பா வந்து, சேற்றில் ஜீப் தடத்தைப் பார்த்துவிட்டு யார் வந்தது என்று கேட்டார்.

"ஒடுகத்தூர்க்காரங்க" என்றாள் அம்மா. "எளவரசிக்கு வேல இருந்துச்சு. போய்ட்டாங்க."

அப்பா கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.